அம்மாச்சி வழி ஆயுசு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் பக்கத்துல இருக்கிற எம்.ரெட்டியபட்டி. கரிசல் மண், கண்மாய், கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். மழை பெஞ்சா விவசாயம், பெய்யலைன்னா கரி மூட்டம். அந்த ஊர்லதான் என் அம்மாச்சி, அதாவது அம்மாவைப் பெத்தவங்க, இருக்காங்க.

அம்மாச்சிக்கு என்ன வயசுன்னு கேட்டா மூணு பதில் வரும். ஆதார் அட்டையில பிறந்த தேதி ஜனவரி 1, 1935. இந்தியாவுல ஒரு தலைமுறையே ஜனவரி ஒண்ணாம் தேதிதான் பிறந்திருக்கு, தெரியும்ல? மாமா கணக்குல நூத்தி ரெண்டு. அம்மாச்சிகிட்டயே கேட்டேன். "நான் பிரபவ வருசத்துல பெறந்தவய்யா. மறுபடி பிரபவ வந்தப்ப ஒங்க தாத்தா உசுரோட இருந்தாக"ன்னு சொன்னாங்க. தமிழ் வருஷம் அறுபது வருஷச் சுற்று. கடைசியா பிரபவ வந்தது 1987-ல. அதுக்கு முந்தினது 1927. இது சரியா இருந்தா, நூறைத் தொடப் போறாங்க. ஆதாரை நம்பினா தொண்ணூறைக் கொஞ்சம் தாண்டியிருக்காங்க. எப்படிப் பார்த்தாலும் பெரிய வயசு. இன்னமும் தானே எழுந்து வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்துடுவாங்க.

இதுல எனக்கு என்ன பிரச்சனை? பிரச்சனை அம்மாச்சி இல்லை, என் அம்மா. அம்மாவுக்கு 63 வயசு, பன்னிரண்டு வருஷமா சுகர். நான் ஊருக்குப் போனப்ப மாத்திரை அட்டை பீரோ மேல தூசி பிடிச்சுக் கிடந்துச்சு. மூணு மாசமா போடலை. ஏன்னு கேட்டா, என் பெரியம்மா பையன் ஒரு கம்பெனியில எச்சில் அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் பண்ணியிருக்கான். ரிப்போர்ட்ல 'தாய்வழி மரபு, நீண்ட ஆயுளுக்கான வாய்ப்பு சராசரியை விட அதிகம்'னு வந்திருக்கு. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். "நம்ம அம்மா உடம்புதான் எனக்கும். அதுக்கு மாத்திரையே கெடையாது, எனக்கு மட்டும் என்னத்துக்கு?" அப்படின்னுட்டாங்க அம்மா.

கோபம் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பார்த்தா அம்மா சொன்னதுல பாதி உண்மை. அம்மாச்சி உடம்புல ஒரு பகுதி அப்படியே, எழுத்துப் பிசகாம அம்மாவுக்கு வந்திருக்கு. அதுதான் மைட்டோகாண்ட்ரியா. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான். அது நம்ம ஆயுசை முடிவு பண்ணுதா?

செல்லுக்குள்ள ஒரு கண்மாய்

பள்ளிக்கூடத்துல 'செல்லின் ஆற்றல் நிலையம்'னு படிச்சு, அஞ்சு மார்க் வாங்கி, மறந்திருப்போம். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஊர் பாஷையில சொல்றேன்.

ஒரு கண்மாயை நினைச்சுக்கங்க. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணி. மடையைத் திறந்தா தண்ணி பாயும். மடையில ஒரு சக்கரம் வச்சா அது சுத்தும். மைட்டோகாண்ட்ரியா இதைத்தான் பண்ணுது. தண்ணிக்குப் பதிலா புரோட்டான். நாம சாப்பிட்ட சோத்துல இருந்து வர்ற எலக்ட்ரான்களை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கைமாத்திக்கிட்டே, அந்த விசையில புரோட்டானை ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைச்சு ஊத்துது. இறைக்கிற பம்ப் மூணு: முதலாம், மூன்றாம், நான்காம் கூட்டமைப்பு. ஐந்தாவது கூட்டமைப்புதான் மடை. அந்த வழியா புரோட்டான் திரும்பி வரும்போது நிஜமாவே ஒரு சின்னச் சக்கரம் சுத்துது. அது சுத்தும்போது ஏடிபி தயாராகுது. நீங்க இப்ப காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு நடந்து போறதுக்கான சக்தி அதுதான்.

கைமாத்தும்போது கொஞ்சம் சிந்தும், குறிப்பா முதலாம், மூன்றாம் கூட்டமைப்புல. சிந்துற எலக்ட்ரான் ஆக்சிஜனோட சேர்ந்தா, பக்கத்துல இருக்கிறதை எல்லாம் அரிக்கிற மூலக்கூறா மாறும். அது அளவா இருந்தா செல் அதையே ஒரு எச்சரிக்கை மணியா பயன்படுத்தி உஷாராகும். அளவு மீறினா சேதம். முதுமைக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தொடர்பு இருக்கும்னு விஞ்ஞானிகள் சந்தேகப்பட ஆரம்பிச்சது இங்கிருந்துதான்.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்துல தனியா வாழ்ந்த பாக்டீரியா. நூறு கோடி வருஷத்துக்கும் முன்னாடி இன்னொரு செல்லுக்குள்ள போய் அங்கேயே குடியேறிடுச்சு. அதனால அதுக்குன்னு தனியா ஒரு குட்டி டிஎன்ஏ இருக்கு. 16,569 எழுத்து, 37 மரபணு. அதுல 13 மட்டும்தான் புரதம் செய்யுற மரபணு. ஏழு முதலாம் கூட்டமைப்புக்கு, ஒண்ணு மூன்றாவதுக்கு, மூணு நான்காவதுக்கு, ரெண்டு ஐந்தாவதுக்கு. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான மத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களோட மரபணு செல்லின் உட்கருவுல இருக்கு. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

குலசாமி அப்பா வழி, இது அம்மா வழி

உட்கரு டிஎன்ஏ அப்பா பாதி, அம்மா பாதி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுக்க அம்மா. என்கிட்ட இருக்கிறது என் அம்மாவோடது, அவங்க அம்மாவோடது, அவங்களுக்கும் அம்மாவோடது.

நம்ம ஊர்ல குலசாமி அப்பா வழி. சொத்து, பட்டப்பேர் எல்லாம் அப்படித்தான் வந்துச்சு. பொண்ணு கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிடும். அதனால மைட்டோகாண்ட்ரியா ஊர் ஊரா நடந்திருக்கு. சீர்வரிசைப் பாத்திரத்தோட சேர்ந்து, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு சீதனம்.

இதுல ஒரு வேடிக்கை. தாய்மாமனைக் கட்டிக்கிட்ட ஜோடி உங்க சொந்தத்துல யாராவது இருக்காங்களா? அந்தப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மைட்டோகாண்ட்ரியாதான். அவரோட அம்மாவும் இந்தப் பொண்ணோட அம்மாச்சியும் ஒரே ஆள் இல்லையா? இன்னொரு பக்கம், இதே தெக்கத்திச் சீமையில கொண்டையன்கோட்டை மறவர்கள்கிட்ட 'கிளை'ன்னு ஒண்ணு உண்டு. அது அம்மா வழியா வரும், ஒரே கிளைக்குள்ள கல்யாணம் கிடையாது. மாமனும் மருமகளும் ஒரே கிளை ஆயிடுறதால அந்தக் கல்யாணத்துக்கு அங்க வழியில்லை. மைட்டோகாண்ட்ரியான்னு ஒரு வார்த்தையே இல்லாத காலத்துல, அது போற பாதையிலேயே ஒரு கணக்கு வச்சிருந்திருக்காங்க.

என் விஷயத்துல ஒரு சோகம். நான் ஆம்பளை. அம்மாச்சி குடுத்த மைட்டோகாண்ட்ரியா என்கிட்ட முட்டுச்சந்துல வந்து நிக்குது. என் பிள்ளைகளுக்குப் போகாது. என் தங்கச்சி வழியா அவ பொண்ணுக்குப் போயாச்சு. அந்தக் குட்டிக்கு வயசு மூணு.

ஜப்பான்ல ஒண்ணு, இத்தாலியில ஒண்ணு

சரி, ஆயுசுக்கு வருவோம். 1998-ல 'லான்செட்' இதழ்ல ஜப்பான் விஞ்ஞானிகள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நூறு வயசைத் தாண்டின 37 பேரோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தாங்க. 5178-வது இடத்துல ஒரு குறிப்பிட்ட எழுத்து மாற்றம் அவங்கள்ல 62 சதவீதம் பேருக்கு இருந்துச்சு. சாதாரணமா ரத்த தானம் பண்ண வந்தவங்கள்ல 45 சதவீதம். பேப்பர்ல எல்லாம் 'ஆயுள் மரபணு'ன்னு செய்தி வந்தது.

அடுத்த வருஷம், 1999, இத்தாலி. வட இத்தாலியில நூறு தாண்டின ஆண்கள்கிட்ட J-ன்னு பேர் வச்ச... மன்னிக்கணும், 'ஜே'ன்னு பேர் வச்ச ஒரு தாய்வழிக் கிளை அதிகமா இருந்துச்சு. சரி, அதே இத்தாலியோட தெற்குப் பக்கம் போய்ப் பார்ப்போம்னு பார்த்தாங்க. அங்க அந்தத் தொடர்பு இல்லை. ஒரே நாடு, ஒரே கிளை, ஆனா வேற மக்கள். முடிவும் வேற.

அப்புறம் ஐரோப்பா முழுக்கச் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு. 2014-ல முடிவு வந்தது. தொண்ணூறு தாண்டினவங்க சுமார் 2,200 பேர், ஒப்பிட்டுப் பார்க்க அதே அளவு இளையவங்க. அதுல கிடைச்ச விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. முதலாம் கூட்டமைப்பு மரபணுக்கள்ல வர்ற சில மாற்றங்கள் நீண்ட ஆயுளுக்குச் சாதகமா தெரிஞ்சது. ஆனா அதே ஆளுக்கு மூன்றாவதுலயோ ஐந்தாவதுலயோ சேர்ந்து மாற்றம் இருந்தா பாதகமாயிடுச்சு.

கண்மாய்க்குத் திரும்பி வாங்க. முதல் பம்ப் கொஞ்சம் நிதானமா இறைச்சா, சிந்துறதும் குறையலாம். நல்லது. ஆனா அதோட மடையும் ரிப்பேர்னா? வயல் காஞ்சு போகும். இது என்னோட உவமைதான், ஆய்வு முடிவு இல்லை. ஆனா பாடம் இதுதான்: 'நல்ல மரபணு', 'கெட்ட மரபணு'ன்னு தனியா ஒண்ணைக் கையில எடுத்துச் சொல்ல முடியாது. கூட எது இருக்குங்கிறதைப் பொறுத்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளயே இப்படின்னா, உட்கருவுல இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் மரபணுவையும் சேர்த்துக்கங்க. அம்மாச்சிகிட்ட இருந்து அம்மாவுக்கு மைட்டோகாண்ட்ரியா அப்படியே வந்துச்சு. ஆனா அதோட சேர்ந்து வேலை செய்யுற மரபணுக்கள்ல பாதி தாத்தாவோடது. தாத்தா அறுபத்தஞ்சைத் தாண்டலை.

எந்த 'எம்'?

அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். கிளைன்னு போட்ட இடத்துல 'எம்'. என் மாமா, "பாரு, எம்.ரெட்டியபட்டின்னு கரெக்டா கண்டுபுடிச்சிருக்கான்"னார். அந்த எம் வேற, இந்த எம் வேற. ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்த மனுஷங்களோட ரெண்டு பெரிய தாய்வழிக் கிளைகள்ல ஒண்ணு எம். இந்தியாவுல பாதிப் பேருக்கும் மேல இந்தக் கிளைதான்.

இன்னொரு எம்மும் நம்ம பக்கத்துல பிரபலம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் பிச்சப்பன் குழு உசிலம்பட்டி வட்டாரத்துல ரத்த மாதிரி எடுத்துப் பார்த்து, எம்130-னு ஒரு பழமையான அடையாளத்தை ஜோதிமாணிக்கம் கிராமத்துல ஒருத்தர்கிட்ட கண்டுபிடிச்சாங்க. அது ஒய் குரோமோசோம், அதாவது முழுக்க அப்பா வழி. அதுவும் நாம எந்த வழியா வந்தோம்னு சொல்லும். எவ்வளவு நாள் இருப்போம்னு சொல்லாது.

ஜப்பான்ல பேசப்பட்ட அந்த எழுத்து மாற்றம் 'டி' கிளையோட அடையாளம். டி, எம்மோட ஒரு கிளை. சொந்தம்னா சொந்தம்தான், ஆனா பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தின சொந்தம். அந்த மாற்றம் நடந்ததே பிரிஞ்சு போனதுக்கு அப்புறம். ஜப்பான்ல 37 பேர்கிட்ட பார்த்ததையோ வட இத்தாலியில பார்த்ததையோ கொண்டு வந்து கரிசக்காட்டுல இருக்கிற ஒரு குடும்பத்துக்கு ஆயுசு கணிக்கிறது, சப்பானிய பஞ்சாங்கத்தை வச்சு நம்ம ஊர்ல மழை பார்க்கிற கதை.

இதுல வயசுப் பிரச்சனை வேற. நூறு வயசுக்காரங்களை ஆராயணும்னா நிஜமாவே அவங்களுக்கு நூறா? நம்ம நாட்டுல பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-லதான் வந்தது. அமெரிக்காவுல கூட, பிறப்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்த மாநிலங்கள்ல 110 வயசு தாண்டினவங்க எண்ணிக்கை சட்டுனு விழுந்துச்சுன்னு சால் நியூமன்ங்கிற ஆராய்ச்சியாளர் காட்டினார். 2024-ல அதுக்கு 'இக் நோபல்' பரிசு குடுத்தாங்க. என் அம்மாச்சியையே மூணு வயசுல மூணு விதமா எழுதலாம். எந்த வயசை விஞ்ஞானி நோட்டுல எழுதுவார்?

ஒன்பது பேர்

இப்ப நான் சொல்லப் போறது எந்த இதழ்லயும் வராத கணக்கு. அன்னைக்குச் சாயங்காலம் அம்மாச்சி வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க. பக்கத்துல அம்மா. நான் கேட்டேன், "அம்மாச்சி, உன் கூடப் பெறந்தவுக எத்தனை பேரு?"

அம்மாச்சி விரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சாங்க. "எங்கம்மாவுக்கு ஒம்பது. மொதப் பிள்ளை ஆறாம் நாள் போயிருச்சு. அடுத்து ஒரு அண்ணன், அம்மை பாத்துப் போனான். ரெண்டு தங்கச்சி, ஒரே வாரத்துல வாந்தி பேதி. எங்க அக்கா தலைப்பிரசவத்துல. ஒரு தம்பி பாம்பு கடிச்சு. மிச்சம் மூணு பேரு. அதுல நான் ஒருத்தி கெடக்கேன்."

அம்மாவுக்கு இது தெரியாது. முழுசா யாரும் கேட்டதே இல்லை.

ஒன்பது பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்க. ஒன்பது பேர்கிட்டயும் ஒரே மைட்டோகாண்ட்ரியா. 'நீண்ட ஆயுள்'னு ரிப்போர்ட்ல வந்துச்சே, அதே மைட்டோகாண்ட்ரியா. அதுல ஒரு குழந்தை ஆறு நாள் இருந்துச்சு, ஒருத்தர் நூறைத் தொடப் போறாங்க. நாம மிஞ்சினவங்களை மட்டும் பார்த்துட்டு 'நம்ம வம்சம் ஆயுசு கெட்டி'ன்னு சொல்லிக்கிறோம். போனவங்களுக்குப் போட்டோ கூட இல்லை.

சுதந்திரம் வாங்கின சமயத்துல இந்தியாவுல சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்னைக்கு ஏறத்தாழ 70. இந்த இடைவெளியில நம்ம மைட்டோகாண்ட்ரியா மாறலை. மூணு தலைமுறை அதுக்கு ஒரு நாள் மாதிரி. மாறினது தடுப்பூசி, குடிதண்ணி, ஆஸ்பத்திரிப் பிரசவம், உப்பு சர்க்கரைக் கரைசல். பெரியம்மை இந்தியாவுல கடைசியா வந்தது 1975. அம்மாச்சியோட அண்ணன் நாற்பது வருஷம் கழிச்சுப் பிறந்திருந்தா அதே மரபணுவோட பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

மரபணுவுக்குப் பங்கே இல்லையான்னா, இருக்கு. டென்மார்க்ல 1870-லருந்து 1900 வரைக்கும் பிறந்த 2,872 ஜோடி இரட்டையர்களை வச்சு 1996-ல வந்த ஆய்வு, ஆயுள் வித்தியாசத்துல மரபணுவோட பங்கு ஏறத்தாழ கால்வாசின்னு சொல்லிச்சு. இதை விட ரொம்பக் கம்மின்னும் பின்னாடி ஆய்வு வந்திருக்கு. எவ்வளவுன்னு இன்னும் வாதம் நடக்குது. ஆனா அந்தப் பங்கும் எல்லா மரபணுவுக்கும் சேர்த்து. மைட்டோகாண்ட்ரியாவோட 37 அதுக்குள்ள ஒரு சின்னத் துண்டு.

அம்மா வழியைக் கேட்க வேண்டிய இடம்

அப்போ தாய்வழிச் சொத்தைக் கண்டுக்கவே வேண்டாமா? வேணும், வேற இடத்துல. 1988-ல ஒரு பரம்பரைப் பார்வையிழப்பு நோய்க்குக் காரணம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுல 11778-வது எழுத்து மாறுறதுன்னு கண்டுபிடிச்சாங்க. லெபர் நோய்னு பேர். பெரும்பாலும் இளைஞர்களுக்கு, ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2010-ல நம்ம நாட்டு நோயாளிகளைப் பார்த்தப்ப, வெளிநாட்டுல வழக்கமா காணப்படுற மாற்றங்கள் இங்க குறைவாவே கிடைச்சது. மறுபடியும் அதே பாடம்: அங்க எழுதின பட்டியல் இங்க அப்படியே பொருந்தாது.

இன்னொண்ணு 1555-வது இடம். அங்க ஒரு மாற்றம் இருக்கிறவங்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் மாதிரி ஊசி போட்டா காது கேட்காமப் போகலாம். அம்மா வழிச் சொந்தத்துல யாருக்காவது ஊசி போட்டதுக்கு அப்புறம் காது போயிருந்தா, அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அம்மாச்சிகிட்ட கேட்டு வச்சுக்க வேண்டிய குடும்பக் கதை இதுதான்.

கடைசியா அந்த மாத்திரை. அம்மா பீரோ மேல போட்டு வச்சிருந்தது மெட்ஃபார்மின். அது முதலாம் கூட்டமைப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்னு 2000-லயே ஆய்வகத்துல காட்டியிருக்காங்க. உடம்புக்குள்ள அது மட்டும்தான் வழியாங்கிறது இன்னும் விவாதம். ஆனா வேடிக்கையைப் பாருங்க, 'என் மைட்டோகாண்ட்ரியா நல்லா இருக்கு'ன்னு அம்மா நிறுத்தினது, மைட்டோகாண்ட்ரியாவுல போய் வேலை செய்யுற மாத்திரையை.

இதை எல்லாம் நான் அம்மாகிட்ட விளக்கிப் புரிய வச்சேன்னு நினைக்காதீங்க. நான் 'முதலாம் கூட்டமைப்பு'ன்னு ஆரம்பிச்சதும் அடுப்படிக்குப் போயிட்டாங்க. அம்மாச்சிதான் விரலை மடக்கினபடியே கூப்பிட்டாங்க. "ஏத்தா, எங்க அக்காவுக்கு அன்னைக்கு ஒரு டாக்டர் இருந்திருந்தா பொழச்சிருப்பா. ஒனக்கு இருக்காக. மாத்திரைய எடுத்துப் போடுத்தா."

அம்மா பதில் சொல்லலை. மறுநாள் காலையில அருப்புக்கோட்டை பஸ்ல ஏறிப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்தோம். சர்க்கரை ஏறித்தான் இருந்துச்சு. டாக்டர் திட்டினார், மாத்திரையை மறுபடி எழுதிக் குடுத்தார். இப்ப தினமும் ராத்திரி வீடியோ கால்ல அட்டையைக் காட்டுறாங்க. சில நாள் கோபமாத்தான் காட்டுறாங்க.

உங்க வீட்டுல அம்மாச்சியோ அப்பத்தாவோ இருந்தா, இந்த வாரம் போன் பண்ணி ஒரு கேள்வி கேளுங்க: கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், அவங்களுக்கு என்ன ஆச்சு? வர்ற பதிலை எழுதி வச்சுக்கங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.